உலைவு: டோகமாக்கில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

அணுக்கரு இணைவு பற்றி எழுதும்போது 'பெர்டர்பேஷன்' என்று வந்தால் பலரும் 'இடையூறு', 'தொந்தரவு' என்று போட்டுவிடுகிறார்கள். சரிப்படாது. டோகமாக்கில், அதாவது பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த, மிகச் சூடான வாயு) வளைய வடிவக் காந்தப் புலத்தில் அடைத்துவைக்கும் இணைவுக் கருவியில், இதைப் பல நேரம் ஆய்வாளர்களே வேண்டுமென்று உண்டாக்குகிறார்கள்.

மூலம் லத்தீன். 'துர்பா' என்றால் அமளி, கும்பல். அதிலிருந்து 'பெர்துர்பாரே', முழுக்கக் கலக்கிவிடுதல். ('டர்புலன்ஸ்' இதற்குப் பங்காளி.) வானியலுக்குள் வந்தபோது வேகம் குறைந்து, ஒரு கோளின் பாதையை இன்னொன்று லேசாக இழுப்பதைக் குறித்தது. யுரேனஸின் பாதையில் இப்படித் தெரிந்த விலகலை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் 1846இல் நெப்டியூனைப் பிடித்தார்கள்.

தமிழில் என் தேர்வு 'உலைவு'. உலைதல் என்றால் நிலைகுலைதல், தளர்தல். குறளிலேயே 'உலைவின்றி' வருகிறது. மன உளைச்சலில் இருப்பது வேறு ளகரம். அணு உலையோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, எது உலைகிறது? காந்தச் சுருள் ஒன்று சில மில்லிமீட்டர் பிசகி அமைந்தாலே, முதன்மைப் புலத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கோணல் வந்துவிடும். இத்தனூண்டு கோணல் ஏன் பெரிய விஷயம் என்றால், புலக்கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பரப்புகளின் மேல் வளையத்தை முறுக்கிக்கொண்டே சுற்றுகின்றன, அதில் சில பரப்புகளில் மட்டும், உதாரணமாக நீளவாக்கில் 2 சுற்றும் குறுக்குவாக்கில் 1 சுற்றும் முடிந்ததும், கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்; உலைவின் முறுக்கும் அதேதான் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி, அந்தப் பரப்பு கிழிந்து, புலக்கோடுகள் தனித்தனியாகச் சுருண்டுகொள்ளும் காந்தத் தீவுகளாகிவிடும். இந்த 'ரெசனன்ஸை' 'ஒத்ததிர்வு' என்பது வழக்கம், ஆனால் நிலையான புலத்தில் அதிர எதுவும் இல்லை. 'ஒத்திசை உலைவு' என்றால் பொருந்தும்.

ஆனால் பிளாஸ்மா சும்மா இருப்பதில்லை. சுழன்றுகொண்டிருக்கும்போது அந்தப் பரப்பில் மின்னோட்டங்கள் தாமாக எழுந்து, உள்ளே வரும் உலைவைத் தடுத்துவிடும். சுழற்சி தளர்ந்தால் உலைவு ஊடுருவி, தீவு வளர்ந்து, சுழலாமல் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளும். பல சமயம் மொத்த பிளாஸ்மாவும் சட்டென்று அணைந்துபோகும். பிளாஸ்மாவின் அழுத்தம், அது நிலைகுலையாமல் தாங்கும் எல்லையை நெருங்கியிருந்தாலோ கதை தலைகீழ்: பிளாஸ்மாவே உலைவைப் பெருக்கிவிடும். அதனால்தான், பிளாஸ்மா இல்லாத வெற்றிடத்தில் சுருள்கள் தரும் புலத்தை மட்டும் கூட்டிப் போடும் கணக்கு பல இடங்களில் காலை வாரிவிடுகிறது. இந்த 'ரெஸ்பான்ஸு'க்கு 'எதிர்வினை' என்றால் எதிர்ப்பது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. தூண்டல், துலங்கல் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அந்தத் 'துலங்கல்' இரண்டு பக்கத்துக்கும் பொது.

அப்புறம், வேண்டுமென்றே கொடுக்கும் உலைவு. பிளாஸ்மாவின் விளிம்பு அவ்வப்போது வெடித்துச் சுவரில் வெப்பத்தைக் கொட்டும். சான் டியேகோவின் டி-த்ரீ-டி டோகமாக்கில் சிறு சுருள்களால் விளிம்பை உலைத்து அந்த வெடிப்புகளை அடக்கிய முடிவுகள் 2004இல் வெளியாயின. பிரான்சில் கட்டப்படும் ஐடெர் என்ற பன்னாட்டு டோகமாக்குக்கு இதற்காகவே கலனுக்குள் 27 சுருள்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். எப்போதும் இது பலிக்காது. விளிம்பில் புலக்கோடுகளின் முறுக்கு சில குறுகிய வரம்புகளுக்குள் இருந்தால்தான் வெடிப்பு முழுதாக அடங்குகிறது.