மாரா வாசலில் நின்று கணக்குப் போடாதீர்கள்: குறைந்த செலவில் ஆப்பிரிக்க சஃபாரி

2024 ஆகஸ்டில் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கென்யா போய்விட்டு வந்தார்கள். மனைவியும் டீச்சர்தான். முப்பது வருடச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, சிங்கம் பார்க்கவேண்டும் என்ற ஒரே ஆசையோடு போன பயணம். திரும்பி வந்த பிறகு யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்கள். "காட்டு வாசல்ல ரெண்டு நாள் உக்காந்திருந்தோம் சார், உள்ளே போகலை" என்றார் அவர்.

அவர்கள் வாங்கியிருந்தது கென்யாவின் மசாய் மாரா காட்டில் மூன்று இரவு, ஆளுக்கு 690 டாலர் என்ற பேக்கேஜ். தங்குமிடம், சாப்பாடு, வண்டி எல்லாம் அதில் அடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். காட்டின் செகனானி வாயிலில் வண்டியை நிறுத்தி, "பார்க் ஃபீஸ் கட்டிடுங்க" என்றாராம் டிரைவர். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 200 டாலர். விற்றவர் அனுப்பிய பி.டி.எஃப்.பின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், "பூங்காக் கட்டணம் பயணியைச் சேர்ந்தது" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ஒரு நாளுக்கு இருவருக்குமாக 400 டாலர் கட்டி உள்ளே போனார்கள். மற்ற நாட்கள் கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சஃபாரி திட்டமிட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். இந்த மாதிரிக் கதை வருடத்துக்கு நான்கைந்தாவது என் மேசைக்கு வருகிறது. பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: பேக்கேஜ் விலையை மட்டும் பார்த்துவிட்டு, அந்த விலைக்குள் என்னென்ன இருந்தாகவேண்டும் என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. சஃபாரியில் சில செலவுகளை எந்த ஏஜென்டாலும் குறைக்க முடியாது. அதில் முதலில் நிற்பது பூங்காக் கட்டணம்.

மசாய் மாராவை நிர்வகிப்பது நரோக் கவுன்டி அரசு. வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த டிக்கெட் செல்லும். காட்டுக்குள்ளேயே தங்குகிறவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். இதில் தள்ளுபடி, ஆஃபர் எதுவும் கிடையாது. கட்டண விகிதம் மாறக்கூடியது, அதனால் புக் செய்யும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 690 டாலரைப் பாருங்கள். சேர்ந்த நாள் மாலை ஒரு சுற்று, நடுவில் இரண்டு முழு நாள், கிளம்பும் நாள் காலை ஒரு சுற்று என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தங்குமிடமோ வாயிலுக்கு வெளியே. அப்படியானால் நான்கு டிக்கெட். ஆகஸ்டில் அதுவே 800 டாலர். மொத்தப் பேக்கேஜை விட வாசல் கட்டணம் அதிகம்! பணம் கட்டும் முன் ஒரு தாளில் இதை மட்டும் எழுதிப் பார்த்திருந்தால், அந்த விலை நடக்காத விலை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சரி, செலவைக் குறைக்க வழியே இல்லையா? நிறையவே இருக்கிறது.

பெரிய மிச்சம் நாட்களை அடுக்குவதில் இருக்கிறது. நைரோபியிலிருந்து நரோக் வழியாக மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம். மதியம் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு மேல் காட்டுக்குள் நுழைந்தால் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். அதற்கும் முழு நாள் கட்டணம்தான். நான் போட்டுக்கொடுக்கும் திட்டத்தில் முதல் நாள் மாலை காட்டுக்குப் போவதில்லை. கேம்ப்பைச் சுற்றி நடக்கலாம், மசாய் கிராமத்தைப் பார்க்கலாம், சீக்கிரம் தூங்கலாம். அடுத்த இரண்டு நாளும் காலை 6 மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே. மதியச் சாப்பாடு டப்பாவில் கூடவே வரும். மாலை 6 மணிக்குத்தான் வெளியே. நான்காம் நாள் காலை உணவு முடித்துக் கிளம்பிவிடலாம். மூன்று இரவு, இரண்டே டிக்கெட். காட்டுக்குள் இருந்த நேரம் இருபத்து நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இப்படிப் போனால் நடுப்பகல் வெயிலில் வண்டிக்குள் இருக்கவேண்டி வரும் என்பது உண்மைதான். ஆனால் மற்ற வண்டிகள் சாப்பிடத் திரும்பும் அந்த நேரத்தில்தான் சிவிங்கிப்புலி வேட்டையாடுவதை என் ஆட்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது மாதம். எல்லோருக்கும் ஆகஸ்டே வேண்டும், வைல்ட்பீஸ்ட் என்ற ஆப்பிரிக்கக் காட்டுமாடுகள் மாரா ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்க. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் இடம்பெயர்வு அது. ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை மாராப் பக்கம் இருக்கும். ஆனால் எந்த நாள் ஆற்றில் இறங்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கரையில் நான்கு மணி நேரம் காத்திருந்து, முன்னால் நிற்கும் ஐம்பது வண்டிகளின் முதுகை மட்டும் பார்த்துத் திரும்பியவர்களும் உண்டு. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி, யானை, எருமை எல்லாம் மாராவில் வருடம் முழுக்க இருப்பவை. முதல் முறை போகிறவர்களுக்கு ஜனவரி, பிப்ரவரியைத்தான் சொல்வேன். பாதிக் கட்டணம், காய்ந்த பாதை, கூட்டமும் குறைவு.

ஏப்ரல், மே இன்னும் மலிவு. ஆனால் அது பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஒரு ஏப்ரலில் டலெக் பக்கம் எங்கள் வேன் இறங்கியது. சக்கரம் சுற்றச் சுற்ற மண் அப்பிக்கொண்டு சக்கரமே உருண்டையாகிவிட்டது. டிரைவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் வரை இறங்கி, கையாலேயே சேற்றைத் தோண்டி எடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லேண்ட் குரூஸர் வந்து கயிறு கட்டி இழுத்தது. மழை மாதத்தில் போவதென்றால் வேனை ஒத்துக்கொள்ளாதீர்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, வண்டியைப் பங்கு போடுவது. டிரைவர், டீசலோடு லேண்ட் குரூஸருக்கு ஒரு நாளைக்கு 220 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாளுக்கு 880. இரண்டு பேர் போனால் ஆளுக்கு 440, ஆறு பேர் போனால் 147. வாயிலுக்கு வெளியே சாதாரணக் கூடாரக் கேம்ப், மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 60 டாலர் என்றால் மூன்று இரவுக்கு 180. பிப்ரவரியில் ஆறு பேர் போனால் டிக்கெட் 200, வண்டி 147, கேம்ப் 180, ஆக 527 டாலர். இதே பயணம் ஆகஸ்டில், இரண்டே பேராக, நான்கு டிக்கெட்டோடு என்றால் 1,420 டாலர். அதே காடு, அதே கேம்ப், அதே வண்டி. விமானக் கட்டணம், நைரோபியில் ஒரு இரவு, டிரைவருக்கு டிப்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு மேல்.

ஆறு பேர் சேரவில்லையா? நைரோபியில் முன்பின் தெரியாதவர்களை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்பும் பயணங்கள் வாரம் முழுக்க உண்டு. அதில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒவ்வொருவருக்கும் ஜன்னல் இருக்கை உண்டா? நடு இருக்கையில் உட்கார்ந்து மூன்று நாள் அடுத்தவர் தோளைப் பார்த்து வரக்கூடாது.

தான்சானியா கேட்பவர்களுக்கும் இதே கணக்கு. செரெங்கேட்டி தேசியப் பூங்காவில் பெரும்பாலான மாதங்களில் 24 மணி நேரத்துக்கு 70 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. ங்கோரங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க, ஆள் கட்டணம் போக, வண்டி ஒன்றுக்கு வரியோடு 295 டாலர். இருவர் என்றால் ஆளுக்கு 147.50, ஆறு பேர் என்றால் 50க்கும் குறைவு. மாராவும் செரெங்கேட்டியும் ஒட்டித்தானே இருக்கின்றன, அப்படியே தாண்டிவிடலாமே என்று கேட்பார்கள். விலங்குகள் தாண்டலாம், நாம் முடியாது. இசெபானியா அல்லது நமங்கா எல்லைக்குச் சுற்றிப் போய், அங்கே வண்டியும் மாற்றவேண்டும். ஒரு நாளும் கணிசமான பணமும் அதில் போய்விடும். சிக்கனப் பயணத்துக்கு ஒரு நாடு போதும்.

கார் ஓட்டத் தெரிந்த குடும்பங்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்தான் எல்லாவற்றிலும் மலிவு. ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர் காடு, உள்ளே தார்ச்சாலை, வாடகைக்கு எடுத்த சின்னக் காரிலேயே சுற்றலாம். நம் ஊர் போல இடப்பக்க ஓட்டம்தான். தாரில் 50, மண் பாதையில் 40 கிலோமீட்டர் வேகம் தாண்டக்கூடாது. ஒரு நாள் கட்டணம் மாராவின் ஆகஸ்டுக் கட்டணத்தில் கால் பங்கைத் தொடாது. ஸ்குகுசா, லோயர் சாபி, சட்டாரா போன்ற அரசு முகாம்களில் சமையலறையோடு குடில் கிடைக்கும். ஆனால் பல மாதம் முன்பே நிரம்பிவிடும், விசாவுக்கும் நேரம் எடுக்கும்.

விலையை அடித்துப் பேசும்போது ஒன்றை மட்டும் தொடவேண்டாம் என்று என்னிடம் வருபவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். அது டிரைவரின் கூலி. மிக மலிவான கம்பெனிகள் முதலில் கைவைப்பது அதில்தான். அப்புறம் அவர் டிப்ஸை நம்பித்தான் வண்டி ஓட்டுவார். டிப்ஸுக்காக விலங்கின் மூக்குவரை வண்டியைக் கொண்டுபோவார். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்று விதி. ஒருமுறை கரையான் புற்றின் மேல் ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி, கீழே இரண்டு குட்டி. சுற்றிப் பதினெட்டு வண்டிகளை எண்ணினேன். அவள் இரண்டு முறை புற்றிலிருந்து இறங்கி மான் கூட்டத்தை நோக்கி நடந்தாள். இரண்டு முறையும் குறுக்கே வண்டி வந்தது. திரும்பி ஏறிப் படுத்துக்கொண்டாள். குட்டிகளின் விலா எலும்பு தெரிந்தது. எங்கள் டிரைவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அவருக்குக் கென்யத் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கத்தின் வெள்ளி பேட்ஜ் இருந்தது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலை உண்டு. டிரைவருக்கு எந்த பேட்ஜ் என்று புக் செய்யும்போதே கேளுங்கள்.

கம்பெனியைச் சரிபார்ப்பது கஷ்டமில்லை. கென்யாவில் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கவேண்டும். கேட்டோ (KATO) என்ற டூர் ஆபரேட்டர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, தான்சானியாவுக்கு டாட்டோ (TATO). தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும். முன்பணம் முப்பது சதவீதத்துக்கு மேல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தங்குமிடத்தின் பெயர் கைக்கு வந்ததும் நீங்களே அந்தக் கேம்ப்புக்கு மெயில் போட்டு, உங்கள் பெயரில் அந்தத் தேதியில் அறை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கேம்ப்பின் பெயரில் 'மாரா' இருப்பதால் அது மாராவுக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாயிலிலிருந்து எத்தனை நிமிடம் என்று கேட்கவேண்டும். எழுத்தில் வரவேண்டிய வார்த்தை: "எத்தனை நாள் பூங்காக் கட்டணம் அடக்கம்". "பார்க் ஃபீஸ் இன்க்ளூடட்" என்று மட்டும் எழுதினால் போதாது, நாள் எண்ணிக்கை வேண்டும்.

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓ டாட் கேஈ' (go.ke) என்று முடியும். அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் இருமடங்கு வாங்குகின்றன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில்தான் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயது தாண்டியவர்களும் முதலில் டாக்டரிடம் பேசவேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படவேண்டாம். ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து வருடம் முன்பு ரயில் பாதை போட இங்கிருந்து போன தொழிலாளர்களின் காலத்திலிருந்து சப்பாத்தியும் சாயும் அந்த ஊர்ச் சாப்பாடாகிவிட்டன. சைவம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லையென்றால் மதிய டப்பாவில் கோழித்துண்டுதான் இருக்கும். பருப்புப் பொடி எடுத்துப்போகிறவர்கள் டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

அந்த ஆசிரியர் தம்பதி ஒன்றரை வருடம் கழித்து மறுபடி போனார்கள். இந்த முறை பிப்ரவரி. நாகர்கோவிலிலிருந்து இரண்டு குடும்பம் சேர்ந்ததில் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். காட்டுக்குள் நுழைந்த முதல் நாள் காலை ஆறேகால் மணிக்கு வாட்ஸாப்பில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஆறு பெயருக்கும், இரண்டு நாளுக்கும், தொகை அச்சடித்த வாயில் ரசீது. மறக்காமல் வாங்கச் சொல்லியிருந்தேன். சிங்கத்தின் படத்தை டீச்சர் அன்று இரவுதான் அனுப்பினார்.