வெள்ளைச் சுவர் என்றால் டேப் ஒட்டலாமா?

மறுபடியும் அதேதான். வரவேற்பு முடிந்த மறுநாள், பழைய பங்களா ஒன்றில் பூ அலங்காரத்தின் டபுள் சைடு டேப்பை உரித்தால், கையகலப் பூச்சும் கூடவே வருகிறது. “வெள்ளைதானே, பெயிண்ட் அடிச்சாப் போச்சு!” என்கிறார்கள்.

போகாது. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவின் பெல்லஹூஸ்டன் பூங்காவில் இருக்கும் ‘ஹவுஸ் ஃபார் ஆன் ஆர்ட் லவர்’ வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷும் மனைவி மார்கரெட் மெக்டொனால்டும் 1901-இல் ஒரு ஜெர்மன் இதழின் போட்டிக்காக வரைந்தது. உள்ளறைப் படங்கள் போதாமல் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. தனிப்பரிசு மட்டும் தந்தார்கள். மெக்கின்டாஷ் இறந்தது 1928-இல். வீடு எழுந்தது 1989-க்கும் 1996-க்கும் இடையில். இன்று அங்கே கல்யாணமும் நடக்கிறது, சுற்றிப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள்.

“அப்போ புதுக் கட்டடம்தானே?” என்பார்கள். இந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. சுவருக்கு வயது குறைவு, சரி. சுவர்மேல் இருப்பதை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? மரச் செதுக்கல், வண்ணக் கண்ணாடி, கெஸ்ஸோ பலகை எல்லாம் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கைவினைஞர்கள் செய்தவை. ஒரு மூலை பெயர்ந்தால் அந்த மூலையை மறுபடி கையால்தான் செய்ய வேண்டும். கட்டிய ஆண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கெஸ்ஸோ என்பது சுண்ணத்தூளை விலங்குப் பசையில் குழைத்து அடுக்கடுக்காகப் பூசுவது. ஈரம் பட்டால் பசை இளகும். டேப்பின் பிடிப்போ அந்த அடுக்குகளின் பிடிப்பைவிடப் பலம். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

அலங்காரம் எல்லாம் தனி ஸ்டாண்டில், ஸ்டாண்டின் காலுக்கு ஃபெல்ட் துணி ஒட்டி. மெழுகுவர்த்தி வேண்டாம், எல்இடி போதும்; புகைக்கரி கூரையில் படிந்தால் யார் ஏறித் துடைப்பது? புகை மெஷினும் வேண்டாம், எண்ணெய்ப்பசை போலப் படியும், தீ எச்சரிக்கை மணியையும் அடிக்கவைக்கும். ஊசிக் குதிகால் செருப்புக்கு மூடி மாட்டச் சொல்லுங்கள்: 60 கிலோ ஆள் 1 சதுர செ.மீ. குதிகாலில் ஊன்றினால் மரத்தரையில் குழி விழும். வீடியோக்காரர்களே, தயவுசெய்து: பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வரம்பு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு). வெளுப்பு மணிக்கணக்காகச் சேரும், விளக்கை அணைத்தால் திரும்பாது.

லில்லிப் பூ வைத்தால் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிடுங்கள். மேஜை விரிப்பில் தூள் விழுந்தால் தேய்க்காமல் டேப்பால் ஒற்றி எடுங்கள். டேப்புக்கு அங்கே அந்த ஒரு வேலைதான்.