கணக்குக் கேட்கும் வளையம்

"படகைத் துறையில் கட்டி, கரையிலிருந்து வரும் கரண்டைச் செருகினால் சில நொடிகளில் பிரேக்கர் டிரிப். துறைக் கம்பத்தில் இருந்த பழைய பிரேக்கர் பத்து வருடம் விழவே இல்லை. புதிதை மூன்று தடவை மாற்றியாயிற்று. மட்டமான சரக்கா?" அமெரிக்காவில் ஏரிக்கரையில் படகு வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்.

மட்டமில்லை. பழையது கண்டுகொள்ளாததை இது கண்டுபிடிக்கிறது.

அரைமணி நேரம் ஓடிவிட்டு விழுந்தால் அது வேறு கதை: ஓவர்லோடு, களிம்பேறிய பிளக் பின், தளர்ந்த ஸ்க்ரூ. கருகியதை மாற்றினால் தீர்ந்தது. இவருடையது கசிவு: போன கரண்டில் ஒரு பங்கு ஒயர் வழியே திரும்பாமல் எர்த்திலோ தண்ணீரிலோ நழுவுகிறது.

எவ்வளவு கரண்ட் போகிறது என்பது மட்டுமே பழைய பிரேக்கரின் கவலை. புதியதற்குள் காந்தப்புலத்தைப் பிடிக்கும் ஒரு வளையம் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் அதன் நடுவே நுழைந்து போகின்றன. 10 ஆம்பியர் போய் 10 ஆம்பியரும் திரும்பினால் இரண்டின் காந்தப்புலமும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று தின்றுவிடும், வளையம் தூங்கும். 9.97 மட்டும் திரும்பினால்? மிச்சமுள்ள 0.03 ஆம்பியரின் புலம் வளையத்தில் தங்கி, நொடிக்கு 60 சுழற்சியாய் ஏறி இறங்கும். வளையத்தின் மேல் சுற்றிய மெல்லிய கம்பியில் துளி மின்னழுத்தம் பிறக்கும். அந்தத் துளி போதும், பிரேக்கரைத் தட்டிவிட. கரண்ட் எங்கே போனது என்று அது விசாரிப்பதில்லை, கணக்கு உதைத்தால் சரி. மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்று காட்ட விஞ்ஞானி ஃபாரடே 1831இல் செய்த இரும்பு வளையத்துக்கு இதைவிடச் சமர்த்தான பேரன் இல்லை என்பேன். கசிவு வந்தால் கரண்டை அணைக்கும் நம் வீட்டு ஆர்சிசிபியும் இதே வம்சம்தான். "அடிக்கடி விழுது சார், கழட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

அமெரிக்க மின்விதித் தொகுப்பு 2011இல் படகுத்துறைகளுக்கு, கசிவு 100 மில்லியாம்பியரைத் தாண்டினால் அணைக்கும் காவலைக் கொண்டுவந்தது. 2017இல் அதை 30 ஆக, அதாவது மேலே சொன்ன 0.03 ஆம்பியராக, இறுக்கியது. காரணம் நன்னீர். உப்புள்ள நம் உடம்பு ஏரித் தண்ணீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். கசிந்த கரண்ட் நீந்துகிறவர் வழியாகப் போகும். தசை மரத்து, சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார்கள். 2012 ஜூலை 4 அன்று மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரியில் குழந்தைகள் அப்படித்தான் இறந்துபோனார்கள்.

வாசகரின் படகில் இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரியில் ஓடும்போது அது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கும். கரை கரண்ட் வந்ததும் பிரிக்க வேண்டும். அதைப் பிரிக்கும் தானியங்கி ஸ்விட்சான ரிலே ஒரு கணம் தாமதித்தால் திரும்பும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே நழுவும். வளையம் விழித்துக்கொள்ளும். முதலில் இன்வெர்ட்டரை இணைப்பிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் படகிலுள்ள எல்லாவற்றையும் அணைத்து ஒவ்வொன்றாகப் போடுங்கள். எனக்கு முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டர் மேல்தான்.

கசியும் கரண்ட் தண்ணீரில் இறங்குகிறதா என்று பார்க்க, ஒயரை வெளியிலிருந்து கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர். கரையிலிருந்து படகுக்கு வரும் ஒயரை மொத்தமாகக் கவ்வுங்கள். எர்த்தும் உள்ளே இருப்பதால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் மிச்சம் தண்ணீரில் போகிறது. இதில் ஒரு வேடிக்கை: துறைக் கம்பத்து பிரேக்கரை அணைத்த பிறகும் சிலசமயம் முள் அசையும். பக்கத்துப் படகு கசியவிட்டது தண்ணீர் வழியாக உங்கள் ப்ரொப்பெல்லரில் ஏறி, உங்கள் எர்த் ஒயரில் கரைக்குத் திரும்புகிறது. அப்படியானால் உங்கள் படகைக் குடையாமல் துறைக்காரரிடம் சொல்லுங்கள். அதுவரை யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.