நெட் வந்துருச்சு சரி, அறுந்தா யாரு ஒட்டுறது?

காரைக்குடில 18 வருஷமா கேபிள் வேலை பாக்குறேன், மொதல்ல கேபிள் டிவி, அப்புறம் ஃபைபர் நெட். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல்னு சுத்துப்பட்டு ஊர் பூரா கனெக்‌ஷன் குடுத்திருக்கோம். புதுசா லைன் கேக்குறவங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "எத்தனை எம்பிபிஎஸ் தம்பி, மாசம் எவ்வளவு?" அறுந்துபோனா எத்தனை மணி நேரத்துல வந்து ஒட்டுவீங்கன்னு இத்தனை வருஷத்துல கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம். ஆனா நெட்ட நம்பி ஒரு வேலை நம்ம ஊர்ல நிக்குமா நிக்காதாங்கிறது அந்தக் கேள்விலதான் இருக்கு, அதுக்குத்தான் இத எழுதுறேன். இன்டர்நெட்டுக்கு அரசாங்கம் விதி போட்டா முதலீடும் வேலையும் போயிரும்னு சில பேரு பேசுறாங்க, அதையும் சேத்துப் பாக்கலாம்.

புதுவயல் பக்கம் ஒரு பொண்ணு, மெடிக்கல் கோடிங் வேலை (ஆஸ்பத்திரி ரெக்கார்டப் பாத்து நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் நம்பர் போடுறது), வீட்டுலேருந்தே நைட் ஷிப்ட். அவங்க அப்பா ரைஸ்மில்லுல வேலை பாத்து படிக்க வச்சவரு. ரோட்டோரமா தண்ணி பைப் போட குழி தோண்டுனாங்க, மதியம் மூணு மணிக்கு ஜேசிபி வாளி எங்க கேபிள கொத்தோட இழுத்துருச்சு, 24 கோர் கேபிள், அதாவது உள்ள 24 கண்ணாடி இழை. எங்க அறுந்துச்சுன்னு தேடி, மண்ணு சரிஞ்ச குழிய திரும்ப நோண்டி, மழை வேற பிடிச்சுக்கிட்டு, லைன் வர மறுநாள் ராத்திரி ஆயிருச்சு. ரெண்டு ஷிப்ட் போச்சு. கம்பெனில இருந்து திட்டல்லாம் இல்ல, நிதானமா ஒரே ஒரு மெயில், இனிமே சென்னை ஆபீஸ்க்கு வந்து வேலை பாருங்கன்னு. அந்தப் பொண்ணு சென்னைக்குப் போயி ஹாஸ்டல்ல தங்கி, சம்பளத்துல பாதிய அங்கயே குடுத்துட்டு இருக்கு. எனக்கு இது இன்னும் மனசுல கிடக்கு, ஏன்னா அந்த லைன் போட்டவன் நான்.

வீட்டுலேருந்து பிபிஓ வேலை, அதாவது இன்னொரு கம்பெனிக்காக செஞ்சு குடுக்குற கால் சென்டர், கோடிங் மாதிரி வேலை பாக்குறது இப்ப சர்வ சாதாரணமா தெரியுது, ஆனா 2020 நவம்பருக்கு முன்னாடி அதுக்கு எவ்வளவு கெடுபிடி இருந்துச்சு தெரியுமா. இந்த மாதிரி கம்பெனிங்க டெலிகாம் துறைகிட்ட தனியா பதிவு பண்ணணும், ஆள வீட்டுல உக்காத்தி வேலை வாங்கணும்னா பேங்க் கேரண்டி கட்டணும், இன்னும் ஏகப்பட்ட கண்டிஷன். 2020 நவம்பர்ல பதிவையும் கேரண்டியையும் எடுத்துட்டாங்க, 2021 ஜூன்ல இன்னும் தளர்த்துனாங்க. அந்த விதி மாறுனதுல தேவகோட்டைல உக்காந்து பெங்களூரு சம்பளம் வாங்குறது சட்டப்படி சுலபமாச்சு. இன்டர்நெட்டுக்கு விதி போட்டாலே வேலை போயிரும்னு பேசுறவங்க இதையும் கணக்குல எடுக்கணும், எந்த விதி, யாரு கைய கட்டுது, யாரு கைய அவுத்து விடுதுன்னு பாக்கணும்.

அமெரிக்காவுல இந்த சண்டை பத்து வருஷத்துக்கு மேல ஓடுது. அங்க டெலிகாம பாத்துக்குற எஃப்சிசி ஆணையம் 2015ல நெட் நியூட்ராலிட்டி விதி போட்டாங்க, அதாவது நெட் குடுக்குறவன் எல்லா சைட்டையும் ஒரே மாதிரி நடத்தணும்னு, 2017ல எடுத்தாங்க, 2024ல திரும்ப கொண்டுவந்தாங்க, 2025 ஜனவரில அப்பீல் கோர்ட்டு ரத்து பண்ணிருச்சு. விதி வந்தா முதலீடு வராதுன்னு ஒரு பக்கம், அதெல்லாம் குறையாதுன்னு இன்னொரு பக்கம். நம்ம நாட்டுல டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016 பிப்ரவரிலயே ஒரு சைட்டுக்கு ஒரு ரேட்டு இன்னொரு சைட்டுக்கு வேற ரேட்டுன்னு வைக்கக்கூடாதுன்னு சொல்லிருச்சு, 2018ல டெலிகாம் துறையும் நெட் நியூட்ராலிட்டிய ஏத்துக்கிச்சு. நான் பாத்த வரைக்கும் இது நல்லது. ஆத்தங்குடில கண்ணாடி மேல சாயம் ஊத்தி டைல்ஸ் போடுறவரு சொந்தமா ஒரு சைட் வச்சிருக்காருன்னா, அதுவும் பெரிய கம்பெனி சைட்டும் என் கேபிள்ல ஒரே மாதிரிதான் போகணும், நான் காசு வாங்கிட்டு ஒண்ண முன்னாடி விடக்கூடாது. செட்டிநாட்டுல எவனும் அந்த விதிக்கு பயந்து கேபிள் போடாம இருந்து நான் பாத்ததில்ல. கேபிள் கட்டுற போஸ்ட் கம்பத்துக்கும் ரோடு வெட்டுறதுக்கும் பர்மிஷனுக்காக அலைஞ்சு அலைஞ்சு, போட்ட பணத்த எடுக்க முடியாம விட்டுட்டுப் போனவங்கள பாத்திருக்கேன். அதனாலதான் 2025 ஜனவரி 1ல இருந்து நடைமுறைக்கு வந்த புது ரைட் ஆஃப் வே விதிகள, அதாவது கேபிள் கொண்டுபோக வழி அனுமதி குடுக்குற விதிகள, நான் பெருசா நினைக்கிறேன், ஆன்லைன் போர்ட்டல், எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி முறை, பதில் சொல்ல கெடு. இது கீழ் மட்டம் வரைக்கும் ஒழுங்கா நடந்தா முதலீடு தன்னால வரும்.

கேபிள் அறுந்தா என்ன ஆகும்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா நிறைய பேரு கரண்ட் வயர் மாதிரி முறுக்கி டேப் சுத்திரலாம்னு நினைக்கிறாங்க. உள்ள கண்ணாடி இழை, வெளிச்சம் போற நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடிய விட பல மடங்கு மெல்லிசு. முதல்ல இழைக்குள்ள வெளிச்சம் அடிச்சு தூரம் பாக்குற ஓடிடிஆர் மெஷின போட்டு எத்தனாவது மீட்டர்ல அறுந்திருக்குன்னு பாக்கணும், அப்புறம் ரெண்டு முனையையும் உரிச்சு, ஸ்பிரிட் போட்டு துடைச்சு, கிளீவர்ங்கிற வெட்டுற கருவில நேரா வெட்டி, ஸ்ப்ளைசர்ங்கிற ஒட்டுற மெஷின்ல வச்சா மெஷின் ரெண்டையும் நேர் பாத்து உருக்கி ஒட்டும். நல்ல ஒட்டுன்னா வெளிச்சத்துல லாஸ் 0.1 டிபிக்குள்ள (டெசிபல்) வரும். 24 கோர்னா இத 24 தடவை செய்யணும், காத்துல தூசி பறக்குற ரோட்டோரத்துல, டார்ச் வெளிச்சத்துல, குடைய பிடிச்சுக்கிட்டு. அவசரத்துக்கு ஒட்டாம வெறும் கனெக்டர் மாட்டி விட்டுட்டுப் போவாங்க சில பேரு, அன்னைக்கு நெட் வரும், ரெண்டு மாசத்துல வந்து சேர்ற வெளிச்சத்தோட பவர் லெவல் இறங்கி மைனஸ் 27, 28க்கு போயிரும், மோடத்துல சிக்னல் இல்லன்னு காட்டுற எல்ஓஎஸ் லைட்டு சிவப்பா அடிக்க ஆரம்பிக்கும்.

ஊராட்சிகளுக்கு நெட் கொண்டுபோற மத்திய அரசோட பாரத்நெட் திட்டம் 2011ல ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல மட்டும் 12,525 ஊராட்சிக்கு ஃபைபர் கொண்டுபோற வேலை. நாட்டுல பல இடத்துல ஆரம்பத்துல ஒரே நீட்டா லைன் போட்டாங்க, நடுவுல ஒரு இடத்துல அறுந்தா அதுக்கு அந்தாண்ட உள்ள ஊரெல்லாம் இருட்டு. 2023ல 1,39,579 கோடி ரூபாய்க்கு திட்டத்த மாத்தி எழுதுனப்ப ரிங் முறைக்கு வந்தாங்க, ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கம் சுத்திக்கிட்டு வரும், அதோட பல வருஷத்துக்கு பராமரிப்பையும் ஒப்பந்தத்துலயே சேத்தாங்க. போட்டா மட்டும் பத்தாதுன்னு அரசாங்கமே அனுபவப்பட்டு தெரிஞ்சுக்கிட்ட விஷயம் இது. இந்தப் பணம் டெலிகாம் கம்பெனிங்க வருமானத்துல இருந்து 5 சதவீதமா எடுக்குற நிதில இருந்து வருது, சுத்தி வளைச்சு பாத்தா நீங்களும் நானும் ரீசார்ஜ் பண்ற காசுதான். அதனால உங்க ஊராட்சி ஆபீஸ்ல அந்த ஃபைபர் வந்து சேர்ற பெட்டி ஓடுதா, லைட்டு எரியுதான்னு கிராமசபைல எந்திரிச்சு கேக்கலாம், கேக்கணும்.

வீட்டுக்குள்ள வேற ஒரு சிக்கல் நம்ம பக்கத்துக்குன்னே இருக்கு. நீளமான செட்டிநாட்டு வீட்டுல, வாசப்பக்க முகப்புல மோடத்த வச்சுட்டு கடைசிப் பக்கம் மூணாங்கட்டுல உக்காந்து மீட்டிங் பேசணும்னு நினைப்பாங்க. நடுவுல முற்றம் வச்ச வளவு, அத்தனை கனமான சுவரு, தேக்குக் கதவு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எல்லாம் ரெண்டாவது சுவத்துலயே செத்துரும். பள்ளத்தூர்ல ஒரு ஆச்சி "சிங்கப்பூர்ல இருக்க என் பேரன் முகம் கட்டம் கட்டமா வருது, நீ போட்ட லைன் சரியில்ல"ன்னு கோவப்பட்டாங்க, மோடத்துகிட்ட செல்ல வச்சு காட்டுனேன், தெளிவா வந்துச்சு. கூரை ஓரமா லேன் வயர் இழுத்து ரெண்டாங்கட்டுல ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை குடுக்குற இன்னொரு பெட்டி) வச்சதும் தீந்துச்சு. வேலைக்கு நெட் வாங்குறவங்க வைஃபைய நம்பாதீங்க, லேப்டாப் வரைக்கும் வயர் இழுங்க.

பிளான் எடுக்கும்போது அப்லோடு எவ்வளவுன்னு கேளுங்க, படம் பாக்க டவுன்லோடு போதும், வேலைக்கு அப்லோடு வேணும். உங்க மெஷின்ல ஒரு போர்ட்ட, அதாவது ஒரு இழை கிளம்புற வாய, எத்தனை வீட்டுக்கு பிரிச்சிருக்கீங்கன்னு கேளுங்க, ஒரே இழைய பல வீட்டுக்குப் பிரிக்கிற ஜிபான் முறைல ஒரு போர்ட்டுக்கு கிட்டத்தட்ட 2.5 ஜிபிபிஎஸ் வரும், 64 வீடும் ஒரே நேரத்துல இழுத்தா ஆளுக்கு 40 எம்பிபிஎஸ் கூட தேறாது. உங்க ஊருக்கு வர்ற மெயின் லைனுக்கு ரெண்டாவது வழி இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா வேற கம்பெனி சிம்ம ஒரு டாங்கிள்ல போட்டு கைல வச்சுக்கோங்க, அதுவும் அதே டவரு அதே கேபிள நம்பி இருக்கான்னு விசாரிச்சுட்டு வாங்குங்க. இதெல்லாம் கேட்டா ஆபரேட்டர் கோச்சுக்குவாருன்னு தயங்காதீங்க, நல்ல ஆபரேட்டர் சந்தோஷப்படுவாரு.

தோண்டுறவங்களுக்கும் சொல்லணும். வருஷத்துக்கு சுமார் 10 லட்சம் இடத்துல கேபிள் அறுபடுது, 3,000 கோடி நஷ்டம்னு அரசாங்கமே சொன்ன கணக்கு. அதுக்குத்தான் 2023 மார்ச்சுல கால் பிஃபோர் யூ டிக்னு ஆப் கொண்டுவந்தாங்க, தோண்டப்போற இடத்த அதுல போட்டா அந்த வழில லைன் வச்சிருக்கவங்களுக்கு மெசேஜ் வந்துரும். தோண்டுறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும்னு விதியும் இருக்கு. ஆனா சின்ன கான்ட்ராக்டர் பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது.

போன மாசம் கோட்டையூர்ல வாய்க்கால் வேலைக்கு வந்த ஜேசிபி டிரைவர் தம்பி காலைல ஆறரைக்கு எனக்கு போன் அடிச்சாரு, "அண்ணே, உங்க வயர் இந்த சைடா அந்த சைடா?" ரெண்டு பசங்கள கூட்டிக்கிட்டு போயி மம்பட்டியால மெதுவா தோண்டிப் பாத்து, கேபிள் போற வழில சுண்ணாம்புப் பொடி தூவி கோடு போட்டுக் குடுத்தோம். அந்தக் கோட்ட விட்டு ரெண்டடி தள்ளி சாயங்காலம் வரைக்கும் தோண்டுனாரு. அன்னைக்கு ராத்திரி அந்தத் தெருவுல இருந்து எனக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட் கால் கூட வரல.