பழைய காரின் ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய ஒரு காரை இரவில் எடுத்துப் பார்த்தால், அதன் ஹெட்லைட் வெளிச்சம் பெரும்பாலும் வெள்ளையாக இராது. சாலையின் ஓரக்கோடுகூடச் சரியாகத் தெரியாதபடி மஞ்சளித்து மங்கியிருக்கும். உரிமையாளர் முதலில் பல்பை மாற்றுவார். பலன் இல்லையென்றால் கூடுதல் வாட் உள்ள பல்பைப் போடுவார். அடுத்த சில மாதங்களில் ஹோல்டர் உருகும். இவ்வளவிலும் பழி பல்பின்மேல்தான் விழுகிறது. ஆனால் பெரும்பாலும் பல்பில் குறை ஏதும் இருப்பதில்லை. பேட்டரியிலிருந்து பல்புக்குப் போய், அங்கிருந்து காரின் உடல் வழியாகப் பேட்டரிக்கே திரும்பும் பாதையில் எங்கோ ஒன்றரை அல்லது இரண்டு வோல்ட் தொலைந்துகொண்டிருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பதில் முக்கால் பங்கு வேலை.

இரண்டு வோல்ட் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றலாம். நம் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவை எச்4 வகை ஹாலஜன் பல்பு கொண்டவை. அதில் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு டங்ஸ்டன் இழைகள் ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும். மூவாயிரம் கெல்வினை ஒட்டிய வெப்பநிலையில் கனலும்போதும் அந்த இழை வெளியிடும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே போய்விடுகிறது. கண்ணுக்குப் புலப்படும் பங்கு சிறியது. இழையின் சூடு சற்றே தணிந்தாலும் முதலில் அடிபடுவது அந்தச் சிறிய பங்குதான், அதிலும் நீலமும் பச்சையும்தான். ஆகவே ஒளியின் அளவு மின்னழுத்தத்தின் நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4 ஆம் படிக்கு ஏற்பக் குறைகிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறையும். 20 விழுக்காடு குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் முனைகளுக்கிடையே 11.5 வோல்ட் மட்டுமே கிடைக்கிறது என்று கொண்டால், சாலையில் விழுவது கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான். மஞ்சள் நிறத்துக்கும் இதுவே காரணம்.

வோல்ட் தொலைவதற்குப் பெரிய பழுது எதுவும் வேண்டியதில்லை. 55 வாட் இழை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் எடுக்கும். வழியில் ஓர் இணைப்பில் களிம்பு பிடித்து 0.2 ஓம் மின்தடை உண்டாகிவிட்டால் அந்த ஓரிடத்திலேயே 0.9 வோல்ட் காணாமல் போகும். அது எங்கும் கசிந்துவிடுவதில்லை. அங்கேயே வெப்பமாக மாறுகிறது. கணக்குப் போட்டால் நான்கு வாட்டுக்குச் சற்று மேல் வரும். நகக்கண் அளவு டெர்மினலில் நான்கு வாட் வெப்பம் மணிக்கணக்காக இறங்கினால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறும், பிறகு இளகும், டெர்மினலின் பிடிப்புத் தளரும். பிடிப்புத் தளர்ந்தால் மின்தடை மேலும் கூடும், வெப்பமும் கூடும். உருகிய ஹோல்டர்கள் எல்லாம் இந்தச் சுழலில் அகப்பட்டவைதான். ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) இல்லாத பழைய கார்களில் இரண்டு பல்புகளின் மின்னோட்டமும், அதாவது 9 ஆம்பியருக்கு மேல், ஸ்டியரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகவே போகும் என்பதால், அதன் தொடுமுனைகளில் ஒவ்வொரு முறை போட்டு அணைக்கும்போதும் சிறு பொறி தெறித்துக் கரி படியும். "கார்பன் பிடிச்சிருக்கு" என்று எலக்ட்ரீஷியன் சொல்வது இதைத்தான். காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்ச் கொண்ட பழைய அம்பாசடரில் நிலைமை இன்னும் மோசம்: மழைக்காலத்தில் செருப்போடு வரும் ஈரமும் மணலும் நேராகச் சுவிட்சின் மேலேயே இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பலர் செய்யும் சோதனை அவர்களையே ஏமாற்றுகிறது. பல்பைக் கழற்றி, ஹோல்டரில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பார்த்தால் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். உடனே, ஒயரில் குறையில்லை, பல்புதான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பத்து மெகாஓம் அளவு உள்மின்தடை கொண்ட மீட்டர் ஒயரிலிருந்து எடுப்பது ஆம்பியரில் மில்லியனில் ஒரு பங்கை ஒட்டிய மின்னோட்டம். அவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்குக் களிம்பு பிடித்த இணைப்பும் ஒன்றுதான், புது இணைப்பும் ஒன்றுதான். ஒரு சைக்கிளை மட்டும் விட்டுப் பார்த்து, லாரி போகும் அகலம் பாலத்துக்கு உண்டென்று சான்றிதழ் கொடுப்பதைப் போன்றது அது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது எடுக்கும் அளவுக்குத்தான் மதிப்பு உண்டு.

சரியான சோதனைக்கு மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வைத்து, என்ஜினையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்து குறித்துக்கொள்க. அடுத்து, ஹோல்டரை பல்போடு செருகியபடியே வைத்து, ரப்பர் உறையை விலக்கி, ஹோல்டரின் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து டெர்மினலைத் தொட வேண்டும். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பு முனை பல்பின் டிம் டெர்மினலிலும் இருக்கும்போது காட்டும் எண், போகும் வழியில் தொலைந்த வோல்ட். சிவப்பு முனையைப் பல்பின் எர்த் (காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) டெர்மினலிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்தால் காட்டும் எண், திரும்பும் வழியில் தொலைந்த வோல்ட். போகும் வழியில் அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். திரும்பும் வழியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். எந்தப் பக்கம் இழப்பு அதிகமோ அந்தப் பக்கத்தில் சுவிட்ச், கனெக்டர், ஃப்யூஸ் என்று ஒவ்வொரு கட்டமாக மீட்டர் முனையை நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் எண் சட்டென்று தாவும். அந்தத் தாவலுக்கு இருபுறமும் உள்ள இணைப்புதான் குற்றவாளி. ஜப்பானிய வடிவமைப்புள்ள சில கார்களில் பல்பின் பொதுமுனை, அதாவது இரு இழைகளும் சேரும் முனை, பாசிட்டிவாகவும் சுவிட்ச் எர்த் பக்கத்திலும் இருக்கும் என்பதால், சோதனைக்கு முன் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் மாவட்டத்தில் எண் தாவும் இடம் மிகப் பலமுறை எர்த்தாகவே இருக்கக் காண்கிறோம். "பல்புக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, எர்த்துதான் பிடிக்கல்ல" என்பது நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டார ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு. அதற்கு வேதியியல் காரணம் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரையோரமாக நிறுத்தப்படும் வண்டிகளின்மேல் அலைத்திவலையில் வரும் நுண்ணிய உப்பு படிகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கடலோர இரவுகளில் அந்த ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே மழை பெய்யாத நாளிலும் இணைப்புகள் நனைந்தே கிடக்கின்றன. போதாக்குறைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. மீன்பெட்டி ஏற்றும் வேன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெட்லைட்டின் எர்த் ஒயர், வளையம் போன்ற ஒரு லக்கில் முடிந்து, ரேடியேட்டர் அருகே காரின் இரும்பு உடலில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். பித்தளை அல்லது செம்பு ஒருபுறம், இரும்பு மறுபுறம், நடுவே உப்புக்கரைசல் என்றால் அது சிறிய மின்கலமாகவே ஆகிவிடும். அதில் அரிக்கப்படுவது இரும்பு. வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும். கழற்றினால் லக்கின் அடியில் வளைய வடிவிலேயே செந்துரு தூளாக உதிரும். துரு மின்சாரத்தை ஏறத்தாழக் கடத்தாது. லக்குக்கு அருகே ஒயரின் மேலுறையைச் சிறிது உரித்துப் பார்ப்பதும் அவசியம். உள்ளே செம்பு இழைகள் பளபளக்காமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், கரைசல் இழைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் வழியாக நுண்குழாய்க் கவர்ச்சியால் ஏறியிருக்கிறது என்று பொருள். கறுத்த இழையில் புது லக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டு அங்கிருந்து புது ஒயர் சேர்க்க வேண்டும். உடலில் உள்ள இடத்தை உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, லக்கை முடுக்கி, முடுக்கிய பின் மேலே கிரீஸ் பூசினால் ஈரம் அண்டாது. பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்குவது வீண்வேலை.

எர்த் முழுவதும் விட்டுப்போனால் நடப்பது வேடிக்கையானது. இடது பல்பின் எர்த் அறுந்துவிட்டது என்று கொள்வோம். டிம்மைப் போட்டதும் மின்னோட்டம் அதன் டிம் இழை வழியாகப் பொதுமுனைக்கு வருகிறது. அங்கே வழி அடைபட்டிருப்பதால் அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரைட் ஒயரைப் பிடித்து, வலது பல்பின் பிரைட் இழை வழியாக அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்குகிறது. மூன்று இழைகள் வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் இடது பல்பின் இரு இழைகளும் செக்கச்செவேலென்று மங்கலாகக் கனலும். வலது பக்கம் வழக்கம்போல எரியும். டிம் மட்டுமே போட்டிருந்தும் டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு மங்கலாகத் தெரியும். இந்த மூன்றையும் சேர்ந்தாற்போலக் கண்டால் மீட்டரே வேண்டாம். இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் உடன்சேர்ந்து துடித்தால், இரண்டுக்கும் பொதுவான எர்த் போயிருக்கிறது.

மற்ற அறிகுறிகள் எளியவை. ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையென்றால் பல்பு, ஹோல்டர் அல்லது அந்தப் பக்கத்து ஃப்யூஸ். டிம் இரு பக்கமும் போய் பிரைட் மட்டும் எரிந்தால், இரண்டு டிம் இழைகளும் ஒரே நேரத்தில் அறுவது அரிது என்பதால், சுவிட்சைப் பார்க்கலாம். பல்பு அடிக்கடி அறுந்தால் மின்னழுத்தம் குறைவு அல்ல, அதிகம் என்று பொருள்: பேட்டரி முனையில் 14.8 வோல்ட்டைத் தாண்டினால், சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் வெறும் ஐந்து விழுக்காடு கூடுதல் மின்னழுத்தம் இழையின் ஆயுளை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடுவதும் கூடாது. ஃப்யூஸ் போகிறதென்று அதன் இடத்தில் கம்பியைச் சுற்றுபவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: அடுத்து எரியப்போவது ஒயரிங்.

பழைய சுவிட்சையும் மெலிந்த ஒயரையும் வைத்துக்கொண்டு 100/90 வாட் பல்பு போடுவது, நோயைக் கூட்டும் வைத்தியம். இரண்டு பல்புகளும் சேர்ந்து 15 ஆம்பியர் கேட்கும்போது வழியில் தொலையும் வோல்ட்டும் அதே விகிதத்தில் கூடும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும். என் மதிப்பில், பழைய காருக்குச் செய்யத்தக்க ஒரே மேம்பாடு ரிலே வைப்பதுதான். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்றை, பேட்டரிக்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து, ரிலேயின் 30 என்ற முனைக்குக் கொண்டுவர வேண்டும். 87 என்ற முனையிலிருந்து பல்புக்குப் போகும். பழைய ஹெட்லைட் ஒயர் 86 இல் சேர்ந்து ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும், 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேகள் தேவை. காயில் எடுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான் என்பதால் கரி பிடித்த சுவிட்சும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஒயரின் தடிமன் ஏன் முக்கியம் என்றால், நான்கு மீட்டர் நீளமுள்ள 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 9 ஆம்பியரில் 0.8 வோல்ட்டுக்கு மேல் விழுங்கும், 2.5 இல் அது கால் வோல்ட்தான்.

இவ்வளவும் செய்து, பல்பின் முனைகளில் 13 வோல்ட்டுக்கு மேல் வந்தும் வெளிச்சம் போதவில்லையென்றால், பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். கண்ணாடிபோல மின்ன வேண்டிய ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு அதே உப்பு ஈரத்தால் சாம்பல் நிறமாகப் பொரிந்திருக்கும். அதைத் துணியால் துடைத்தால் மிச்சமிருக்கும் பூச்சும் கையோடு வந்துவிடும். அந்த நிலையில் முழு அசெம்பிளியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும்போது பின்புற ரப்பர் உறையையும் புதிதாகப் போடுவது நல்லது, வெடித்த உறை வழியாகத்தான் ஈரம் உள்ளே போயிருக்கும்.