பி.எஸ்சி. கணிதம் படிக்கிறீர்களா? கோடையில் ஆய்வு செய்ய அரசே பணம் தருகிறது

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர்க் கலைக் கல்லூரியிலும் கணிதத்துறை இருக்கிறது. டிகிரி முடித்தால் பி.எட்., இல்லாவிட்டால் டி.என்.பி.எஸ்.சி. என்றுதான் அங்கே பேச்சு. இரண்டும் நல்ல வழிதான். ஆனால் கணித ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று படிக்கும்போதே பார்த்துவிட வழி உண்டு.

முதலில் இன்ஸ்பயர் உதவித்தொகை. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தருவது. பிளஸ் டூவில் தங்கள் தேர்வு வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கணிதம், புள்ளியியல் உண்டு; பொறியியல் கிடையாது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. மீதி 60,000-ஐ மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்பயர் இல்லையா? பரவாயில்லை. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் ஓர் ஆய்வாளரிடம் வேலை. மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. எம்.டி.டி.எஸ். என்ற நான்கு வார கணிதப் பயிற்சி முகாம் 1993 முதல் நடக்கிறது. அங்கே ஆசிரியர் விடையைச் சொல்வதைவிடக் கேள்வி கேட்பதுதான் அதிகம். நிரூபணத்தை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். மனப்பாடம் செய்து தேர்வு எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

கணிதத்தில் ஆய்வென்றால் லேப் எல்லாம் கிடையாது. ஒரு கேள்வி, பேப்பர், பேனா போதும். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 9-ஐ 30 விதமாக, 14-ஐ 135 விதமாக. 5, 30, 135 மூன்றும் 5-ஆல் வகுபடுகின்றன. 4-இல் அல்லது 9-இல் முடியும் எந்த எண்ணுக்கும் இப்படியே வரும் என்று நிரூபித்தவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். ஏன் அப்படி? ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து யோசிக்கத் தகுந்த கேள்வி.

சரி, எப்போது விண்ணப்பிப்பது? பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சித்திரையில் விசாரித்தால் காலம் கடந்திருக்கும். அகாடமி விண்ணப்பம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி, எம்.டி.டி.எஸ். விண்ணப்பம் அதற்கடுத்த மாதங்களில் வரும். அதனால் வயலில் சம்பா நிற்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் தகுதியையும் கடைசித் தேதியையும் பாருங்கள். அகாடமிக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடைசி நாளில் போய் நிற்காமல் இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். அப்புறம், செமஸ்டர் தேர்வு மே மாதம் வரை இழுத்தால், தேர்வு முடியும் தேதியை வழிகாட்டிக்கு எழுதித் தெரிவித்து, அதற்குப் பிறகு வந்து சேர்வதாகக் கேட்டுப் பாருங்கள்.