சந்திப்பிழை கடைசியில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ரப்பர்த் தோட்டப்புற ஊர்களிலிருந்து திருத்தத்துக்கு வரும் சிறுகதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. முதல் வரைவு முடிந்த அன்றிரவே எழுதியவர் சிவப்புப் பேனாவை எடுத்து க், ச், த், ப் போட உட்கார்ந்துவிடுகிறார். நாளை வெட்டி எறிய வேண்டிய பத்தியில் இன்று ஒற்றுப் போட்டு என்ன பயன்? அழகுபடுத்திய பத்தியை வெட்ட மனமும் வராது.

கதையை முதலில் மூடி வையுங்கள். சிறுகதைக்கு இரண்டு வாரம், நாவலுக்கு இரண்டு மாதமாவது. எழுதிய சூட்டில் படித்தால் தாளில் இருப்பது தெரியாது, மனத்தில் இருப்பதுதான் தெரியும். பிறகு வரிகளுக்கிடையே நிறைய இடம்விட்டு அச்செடுத்து, பேனா இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். அலுப்புத் தட்டும் தாளின் ஓரத்தை மடித்தால் போதும்.

அடுத்தது காட்சிப் பட்டியல். காட்சிக்கு ஒரு வரி: யார், எங்கே, எத்தனை மணிக்கு, முடியும்போது என்ன மாறியது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத காட்சி போகலாம், அல்லது இன்னொன்றோடு சேரலாம். தோட்டக் கதைகளில் அப்படி நிற்பது அநேகமாக முதல் பக்கம்தான். பனி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, கோயில் மணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை. தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடிக்கும்போதுதான் கதை தொடங்குகிறது என்றால், அதற்கு முன்னால் இரண்டு பக்கம் விடியல் எதற்கு?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தகவலைச் சரிபார்ப்பதில்லை. தெரிந்ததுதானே என்ற நம்பிக்கை. பிழையும் அங்கேதான் பதுங்கியிருக்கும். விடியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். இன்று ஏழேகால் வாக்கில் எழும் சூரியன், 1975இல் நடக்கும் கதையில் ஆறேமுக்காலுக்கே எழுந்துவிடும். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தோக்கியோ நேரம் என்பதால் எட்டேகால் ஆகிவிடும். அதே 1982 வரை தெலுக் இந்தானுக்குப் பெயர் தெலுக் ஆன்சன். 1970இல் ஒருவர் தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏறினால், அந்த ஊர்க்காரர் அங்கேயே கதையை மூடிவிடுவார்.

ரப்பர் மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட மாட்டார்கள். பால் வெட்டுக்கோட்டை விட்டுப் பட்டையில் பரவி வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் சேராது. காதலர்களை விடியற்காலை மழையில் நனையவிட்டு, பத்து மணிக்கு வாளி நிறையப் பால் தூக்க வைக்கும் கதைகளுக்குக் குறைவில்லை. ரப்பர் கன்று நட்டு வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். எண்ணெய்ப் பனையான செம்பனை ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் குலை தரும். மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட மறுவருடமே அறுவடை என்றால், கதையின் கால ஓட்டம் முழுவதும் நொண்டும்.

மலாயாவின் அவசரகாலக் கதைகளில் இன்னும் கவனம் தேவை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகாமலிருக்க, பல பகுதிகளில் தொழிலாளர்கள் வேலைக்குச் சோறு கொண்டுபோகவே தடை இருந்தது. அந்த இடத்தில் மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்பவர் வெறும் பசியாறவில்லை, சட்டத்தை மீறுகிறார். தெரிந்து எழுதினால் அதுவே நல்ல காட்சி.

இதற்குப் பிறகு மொழி. "மாரியம்மா மிகுந்த சோகத்துடன் கண்களில் நீர் மல்க வாசலில் அமர்ந்திருந்தாள்" என்பதில் வெட்டுங்கள்: "மாரியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கத்தியை இன்னும் தீட்டவில்லை." சோகம் என்ற சொல் போனது, சோகம் போகவில்லை.

உரையாடலில் ஒரு பாத்திரம் "வந்துச்சு" என்றால் கடைசிவரை "வந்துச்சு"தான். நடுவில் "வந்திச்சு" ஆகக்கூடாது. ஆனால் கங்காணியிடம் எப்போதும் "வாங்க, போங்க" என்பவள் ஒரு நாள் "போய்யா" என்றால் அது பிழையல்ல, கதையே அங்கேதான் இருக்கிறது, கை வைக்காதீர்கள். பசார் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் சந்தை என்று விளக்குவதும் வேண்டாம். பசாரில் மீன் வாங்கினாள் என்றால் தஞ்சாவூர் வாசகருக்கும் புரியும்.

பாத்திரப் பெயரைக் கணினியில் மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. "முருகன்" என்று தேடினால் "முருகனுக்கு", "முருகனை" அகப்படாது, கடைசி எழுத்தின் புள்ளி வேற்றுமை உருபில் மறைந்துவிடுகிறது. "முருக" என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். மணியைச் சேகர் ஆக்க ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றினால் "ஆறு சேகர்க்கு பெரட்டு" என்று அச்சாகும்.

பிறகு இரண்டு பேரிடம் கொடுங்கள்: பால் வெட்டிய ஒருவர், தோட்டமே பார்க்காத ஒருவர். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். எந்தப் பக்கத்தில் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனீர்கள் என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தைச் சொன்னால், மடித்த தாள்களில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது சிவப்புப் பேனாவை எடுக்கலாம். வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒற்றுப் பாருங்கள், மூச்சு முட்டும் வாக்கியமும் அப்போதே மாட்டும். லயம், லயன் இரண்டும் வழக்கில் உண்டு. எது உங்களுடையது என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.